மருமகளுக்கு ஒரு வரி

வருமான வரிக் கணக்குக் கொடுப்பதற்கு மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த மனிதர் இத்தாலி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் லிப்ட் மாமா. மற்றச் சனமெல்லாம் பல்லுப் பிடுங்கப் போகிற முகத்தோடு எங்கள் கந்தோர்ப் படியேறும். மாமா மட்டும் சாம்பல் நிறக் கோட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை, நெற்றியில் விபூதி, மினுங்குகிற சப்பாத்து என்று, மே மாதத்து வெயிலில் பொலிதேயாமா சதுக்கத்தைக் குறுக்கே கடந்து, பெண் பார்க்கப் போகிறவர்போல நிமிர்ந்து வருவார். யன்னலால் அவரைக் கண்டதும் எங்கள் தொத்தோரேசா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சனத்துக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற எங்கள் கந்தோருக்கு அவர்தான் பொறுப்பாளர், கணக்குப் படித்த சிசிலிப் பெண்மணி. "உன்னுடைய ஆள் வருகிறார்" என்று என்னிடம் சொல்வார். சொல்வது இத்தாலியனில்தான். ஆனால் அந்தப் பெருமூச்சு சுத்தத் தமிழ்.

நான் அந்தக் கந்தோரில் எங்கள் சனத்துக்காக இருந்தவள். பலெர்மோவில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் வீட்டு வேலை, வயோதிபரைப் பார்க்கிற வேலை, படி கழுவுகிற வேலை. எல்லோரும் இத்தாலியன் கதைப்பார்கள். ஆனால் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் குசினியில் கதைக்கிற இத்தாலியன் வேறு, வரிப் படிவத்தில் எழுதியிருக்கிற இத்தாலியன் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்தியிருந்தார்கள்.

மாமாவுக்குப் பாஸ்போர்ட்டில் நல்ல நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை, வதிவிட அனுமதி கொடுக்கிற குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் துண்டு துண்டாக உடைத்துக் கூப்பிடும்போது மட்டும்தான் கேட்கலாம். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் லிப்ட் மாமா. பழைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் அவர் போர்த்தியேரே. வாசலைப் பார்ப்பது, தபால் பிரிப்பது, படி துடைப்பது எல்லாம் அவர்தான். அந்தக் கட்டடத்தில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் ஏறி இறங்குகிற லிப்ட் ஒன்று இருந்தது, அவரைவிட வயதில் மூத்தது. மாமா ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை.

"அது குடியிருக்கிற ஆக்களுக்கு. எனக்குக் கால் கிடக்குத்தானே."

ஆனால் லிப்டைத் தனியே விடுவதற்கும் அவருக்கு மனமில்லை. ஆகவே கீழே கதவைத் திறந்து ஆளை ஏற்றுவார், பொத்தானை அமத்துவார், பிறகு கூண்டைச் சுற்றி ஏறுகிற படிகளில் ஓடுவார். லிப்ட் ஐந்தாம் மாடியில் போய் நிற்கும்போது மாமா அங்கே நின்று கதவைத் திறந்து, "ப்ரேகோ சிஞ்ஞோரா" என்பார். மூச்சு வாங்கும், மீசை நுனியில் வியர்வை சொட்டும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இந்த மனிதருக்குச் சில்லறை கொடுப்பதா அம்புலன்ஸைக் கூப்பிடுவதா என்று தெரியாது.

அவர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற இரண்டு பிள்ளைகள் வாசலில் நின்று "மாமா! மாமா!" என்று கத்துவார்கள். இத்தாலியன் காதுக்கு அது அம்மாவைக் கூப்பிடுவதுபோலத்தான் கேட்கும். அவர்கள் அம்மாவுக்குச் சொல்வது 'மம்மா'. உள்ளேயிருந்து மீசை வைத்த ஒரு மனிதர் ஈரத் துணியோடு வெளியே வந்து, "என்ன மோனை?" என்பார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "நாளைக்கு மம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்ப, பெண்பிள்ளை அடுத்தநாள் சாம்பல் நிறக் கோட்டோடு இவரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்றாம் மாடிப் பல் வைத்தியர் நத்தார் வாழ்த்து மட்டையில் 'சிஞ்ஞோர் மம்மாவுக்கு' என்றே எழுதினார். மாமா அதைத் திருத்தவில்லை. மரியாதையாகத்தானே கூப்பிடுகினம் என்றார்.

முதல் தரம் எங்கள் கந்தோருக்கு வந்தபோது அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, பள்ளிக்கூட மேலங்கி. பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும், துளசி. பையன் கபில், அவளைவிடச் சின்னவன். மாமா மூன்று கதிரைகளைத் தானே இழுத்து வைத்து, பிள்ளைகளை இரண்டு பக்கமும் இருத்தி, நடுவில் தான் இருந்தார்.

தொத்தோரேசா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "வீட்டில் உங்கள் பொறுப்பில் யாராவது இருக்கிறார்களா?"

படிவத்தில் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. உழைக்கிறவரை நம்பி வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை அதில் எழுதினால் வரி கொஞ்சம் குறையும். இத்தாலியனில் அவர்களை 'அ காரிக்கோ' என்பார்கள். காரிக்கோ என்றால் பாரம். பல்லரோச் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குகிற பெடியளும் அந்தச் சொல்லைத்தான் கத்துவார்கள்.

"எழுதுங்கோ தங்கச்சி," என்றார் மாமா என்னிடம். "பிள்ளையள் ரெண்டு."

"உங்கடை பிள்ளையளே, மாமா?"

"என்ரை வீட்டிலைதானே இருக்குதுகள்."

"நீங்கள் பெத்த பிள்ளையளோ எண்டு கேக்கினம்."

மாமாவின் முகம் சிவந்தது. "நான் கலியாணமே கட்டேல்லை. என்ன கேள்வி இது, பிள்ளையளுக்கு முன்னாலை?"

கபில் மாமாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். தாய் கடற்கரைப் பக்கம் ஒரு கிழவி வீட்டில் இரவு பகலாகத் தங்கி நின்று வேலை செய்தாள். அப்படியான வேலையில் வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. பிள்ளையைக் கூட வைத்திருக்க முடியாது. ஆனால் தாய் இருக்கிறபடியால் அவள் தன்னுடைய கணக்கில் அவனை எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"அவ வியாழக்கிழமைப் பின்னேர அம்மாவெல்லே," என்று முணுமுணுத்தாலும் மாமா அதை ஒப்புக்கொண்டார். "சரி. அப்ப துளசி?"

துளசி செத்துப்போன தங்கையின் மகள். தகப்பனும் இல்லை. கூடப்பிறந்தவரின் பிள்ளையைச் சட்டம் ஏற்காது என்று தொத்தோரேசா சொன்னார். யாரைத்தான் ஏற்கும் என்று மாமா கேட்டார். அவர் விதியை வாசிக்க வாசிக்க நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்: பெண்சாதி, பிள்ளையள், தாய் தேப்பன், சகோதரங்கள், மாமன் மாமி, மருமகன், மருமகள்...

மாமா மேசையில் அடித்த அடியில் தொத்தோரேசாவின் கோப்பி துள்ளியது.

"மருமகள்! பாத்தீரே? சட்டத்திலையே கிடக்கு! இந்தா இருக்கிறா என்ரை மருமகள்!"

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சட்டம் சொன்ன மருமகள் மகனுடைய மனைவி. தங்கையின் மகளுக்கு இத்தாலியனில் வேறு சொல். எங்களுக்குத்தான் இரண்டும் ஒன்று. அதை அவருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு அந்தக் கந்தோரில் வேறு எதற்கும் பட்டதில்லை.

மாமா நெடுநேரம் யோசித்தார். "அப்ப எனக்கு ஒரு மகன் இருந்து, அவன் கலியாணம் கட்டி, அவன்ரை மனிசி என்ரை வீட்டிலை சாப்பிட்டால் எழுதுவினம்."

"ஓம் மாமா."

"இல்லாத மகன்ரை இல்லாத மனிசியை எழுதுவினம். நான் சோறு தீத்தி வளக்கிற பிள்ளையை எழுதமாட்டினம்."

"ஓம்."

"மாமியாரை?"

"எழுதலாம்."

"எனக்கு மாமியாரும் இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் தொத்தோரேசாவைப் பார்த்தார். அந்த மாமியாரை இந்தப் பெண்மணிதான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதுபோல இருந்தது பார்வை.

கடைசியில், "அப்ப அதிலை என்ன எழுதப் போறீர்?" என்று கேட்டார்.

"உங்கடை பொறுப்பிலை ஆரும் இல்லை எண்டு, மாமா."

மாமா பேனாவை வாங்கினார். காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த மே மாதம் சாட்சியோடு வந்தார். சும்மா சாட்சி இல்லை, பல்லரோவில் மீன் விற்கிற மனிதர், ரப்பர் பூட்சோடும் ஏப்ரனோடும். மீன்காரர் துண்டுச் சிட்டை கொடுப்பதில்லை, அதனால் ஆளையே கொண்டுவந்துவிட்டதாக மாமா சொன்னார். மீன்காரர் சந்தைக் குரலில், பக்கத்துக் கந்தோருக்கும் கேட்கத்தக்கதாக, இந்த மனிதர் வாங்குகிற மத்தி மீன் தனி ஆள் தின்கிற அளவே இல்லை என்று சத்தியம் செய்தார். தொத்தோரேசா யன்னலைத் திறந்துவிட்டு, சட்டத்தை மறுபடியும் வாசித்தார். மீன்காரர் அதைக் கேட்டு, சட்டத்தை எழுதியவர்களின் பரம்பரையைப் பற்றிச் சிசிலியனில் சில வார்த்தைகள் சொன்னார். அதை நான் மாமாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்று மீசையின் அசைவில் தெரிந்தது.

மீன்காரர் போன பிறகும் மாமா எழும்பவில்லை. முறைக்காகக் காத்திருந்த எங்கள் ஆள் ஒருவர் பின் கதிரையிலிருந்து குரல் கொடுத்தார். நல்ல மனிதர்தான், உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார்.

"அண்ணை, ஏன் இவ்வளவு கரைச்சல்? மகள் எண்டு போட்டுவிடுங்கோவன். ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?"

மாமா திரும்பினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.

"தம்பி, மகள் எண்டு எழுதினால் என்ரை தங்கச்சி ஆர்?"

அந்த மனிதர் முழித்தார்.

"கடைசிச் சண்டை நேரம், கழுத்தளவு தண்ணீக்குள்ளாலை இந்தப் பிள்ளையைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தவள். கை சோந்தாலும் இறக்கேல்லை. இஞ்சை வந்து படி கழுவி வளத்தவள். வருத்தம் வந்து படுத்த பிறகும் பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டவள். அவளை அழிச்சுப்போட்டு, நான் பெத்தனான் எண்டு எழுதச் சொல்லுறீரோ?"

தொத்தோரேசா என்னிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, வழி ஒன்று இருக்கிறது என்றார். நீதிமன்றம் பிள்ளையை முறைப்படி மாமாவிடம் ஒப்படைத்தால் சட்டத்தின் முன் அவள் அவர் பொறுப்பு. அப்போது மருமகளாகவே இருந்துகொண்டு அந்தப் படிவத்தில் ஏறலாம்.

நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா எழும்பிவிட்டார். அந்த ஓட்டத்தை நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஐந்து மாடி ஏறுகிறவர், எங்கள் இரண்டு மாடியை விழுந்தடித்து இறங்கினார். நீதிமன்றத்துக்குப் போனால் வீட்டை அளப்பார்கள், ஆண் ஒருத்தன் தனியே பெண்பிள்ளையை வளர்க்கக் கூடாது என்பார்கள், பிள்ளையைக் கொண்டுபோய் ஏதாவது இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த மே மாதங்களில் தனியேதான் வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, பேசாமல் ஒப்பம் வைத்துவிட்டுப் போனார். துளசியைப் பற்றி நானாகக் கேட்டால், "படிக்கிறா" என்பார். அவ்வளவுதான். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. ஒருமுறை கேட்டேன், குவெஸ்தூராவுக்குப் போகவே நடுங்குகிற மனிதர் இங்கே மட்டும் எப்படி இப்படி வருகிறீர்கள் என்று.

"காசு குடுக்க வாறவனை ஆர் பிடிப்பினம், தங்கச்சி?" என்றார்.

துளசிக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டிவந்தது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை அது. குவெஸ்தூராவில் இருந்த அதிகாரி நல்லவர். கோப்பைப் புரட்டிப் பார்த்து, தாய் இல்லை, தகப்பன் இல்லை, இந்தப் பிள்ளைக்காக ஒப்பம் வைக்க உரிமையுள்ளவர் யார் என்று கேட்டார். மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்குத் தாள் எங்கே என்றார் அதிகாரி. இப்படியே விட முடியாது, மேலே அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்கு மாமா கோட்டுப் போடாமல், வேலை உடுப்போடு எங்கள் கந்தோருக்கு ஓடிவந்தார். துளசியும் பின்னால் வந்தாள், மாமாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள்.

"தங்கச்சி, அந்த வழியைச் செய்வம்," என்றார்.

தொத்தோரேசா அன்று பின்னேரமே ஒரு வக்கீலைப் பிடித்தார். எங்கள் கந்தோருக்கும் இந்த வேலைக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. "அந்த மீன்காரரை நான் இன்னொரு முறை தாங்க மாட்டேன்" என்றுதான் காரணம் சொன்னார். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்.

முதலில் வீட்டைப் பார்க்க நகரசபையிலிருந்து ஓர் இளம் பெண் வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு அறைதான் வீடு. மாமா அதைக் கழுவித் துடைத்து, சுவரையும் கழுவி, சுவரிலிருந்த பல்லிக்கும் லீவு கொடுத்திருந்தார். இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா, எண்பது வயது தாண்டிய மனுஷி, நாயை உலாத்தக் கூட்டிப்போகிற சாட்டில் இறங்கி வந்து நல்ல கதிரையில் இருந்துகொண்டார். மாமா தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குசினிக்குள் போய்க் கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவத் தொடங்கினார்.

அந்தப் பெண் துளசியிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலை வாரிவிடுவது யார்? "மாமா." பள்ளிக்கூடத்துக்கு வருவது? "மாமா." காய்ச்சல் வந்தால்? "மாமா."

எழுதிய கை நின்றது. "அப்படியானால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பிறகு எதற்கு இந்த விண்ணப்பம்? அம்மா இப்போது எங்கே?"

துளசிக்கு இந்தக் குழப்பம் பழக்கம். சிசிலிப் பிள்ளைகளின் இழுவையோடு, பொறுமையாக, இத்தாலியனில் சொன்னாள்: "அம்மா செத்துப்போனார், சிஞ்ஞோரா. மாமா குசினியில் நிற்கிறார். மீசை வைத்தவர்."

மாமா எட்டிப் பார்த்தார். மீசையில் சவர்க்கார நுரை.

"மம்மா இல்லை, மாமா!" என்று இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா கைத்தடியால் தரையைத் தட்டினார். "எழுத்து ஒன்று குறைவு, மீசை ஒன்று கூட! எழுதிக்கொள்ளுங்கள், பெண்ணே!"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

நீதிமன்றத்தில் சிரிப்பு இல்லை. சின்ன அறை, மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் நீதிபதி. மாமா சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார். துளசி அவருக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். வக்கீல் வரும் வழியில் மாமாவுக்குப் படிப்பித்திருந்தார்: எதற்குப் பிள்ளை வேண்டுமென்று கேட்பார்கள், அன்பு, குடும்பம், எதிர்காலம் என்று சொல்லுங்கள். மாமா அந்த மூன்று சொல்லையும் படி ஏறும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நீதிபதி கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மாமாவிடமிருந்து அந்த மூன்று சொல்லும் பறந்துபோனது எனக்குத் தெரிந்தது.

"வரிக் கணக்கிலை போடத்தான்," என்றார். நான் வாயைத் திறக்க முதலே, இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று படிவத்தின் பெயரை இத்தாலியனில் சொன்னார். அதற்குப் பெயரே ஒரு எண்தான், எழுநூற்று முப்பது. "செத்தெசென்தோத்ரெந்தா!"

வக்கீல் கண்ணை மூடினார். நான் மொழிபெயர்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வரிச் சலுகைக்காகவா இந்தப் பிள்ளையைக் கேட்கிறீர்கள்?"

அதை மாமாவுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். இரண்டாவது தரம் சொன்னேன். மாமா துளசியைப் பார்க்காமல், மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கதைத்தார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு போனேன்.

"வருசா வருசம் போறன், அம்மா. வீட்டிலை உங்கடை பொறுப்பிலை ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கினம். ஆரும் இல்லை எண்டு எழுதுகினம். நான் ஒப்பம் வைக்கிறன். பிள்ளை பக்கத்திலை இருந்தவ. சின்னப் பிள்ளை, விளங்காது எண்டு நினைச்சன். ஒருநாள் வீட்டை போற வழியிலை கேட்டா, 'மாமா, நான் ஆருமில்லையோ?' எண்டு. அதுக்குப் பிறகு நான் அவவைக் கூட்டிக்கொண்டு போறேல்லை."

சொல்லி முடித்தபோது துளசி அவருடைய கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்த எழுத்தர் பெண் தட்டச்சை நிறுத்தியிருந்தார்.

நீதிபதி துளசியிடம் திரும்பினார். "உனக்கு என்ன விருப்பம்? பயப்படாமல் சொல்லலாம். ஏதாவது குறை இருந்தாலும் சொல்லலாம்."

துளசி நேர்மையான பிள்ளை. யோசித்தாள். "பின்னல் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் பதிவாகவும்தான் வரும்," என்றாள். "அதை இப்போது நானே பின்னிக்கொள்கிறேன். வேறு ஒன்றுமில்லை. நான் மாமாவோடுதான் இருப்பேன்."

தீர்ப்பு வர மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில் மாமா மெலிந்து, கோட்டு அவர்மேல் தொங்கத் தொடங்கியது. வந்தது நல்லதாக வந்தது. பிள்ளை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வக்கீல் தொலைபேசியில் சொன்னபோது மாமா படியில் நின்றாராம். அப்படியே இருந்துவிட்டார். மேலே போன லிப்டுக்குள் மூன்றாம் மாடிப் பல் வைத்தியர் கதவு திறக்க ஆளில்லாமல் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, தானே திறந்துகொண்டு போனார். அது திறக்கக்கூடிய கதவு என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம்.

அடுத்த மே மாதம் வந்தார்கள், இரண்டு பேருமாக. மாமா கோட்டை இறுக்கித் தைத்திருந்தார். துளசி இரண்டு பின்னலும் சமமாக வந்திருந்தாள். மாமா தீர்ப்பின் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

தொத்தோரேசா என்னைப் பார்த்தார். நான் தொத்தோரேசாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வது என்று தெரியவில்லை. இதற்கிடையில் அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டது. பிள்ளைகளுக்காக வரியில் கழிக்கிற முறை போய், மாதாமாதம் வேறு வழியால் உதவிப் பணம் வருகிற முறை வந்துவிட்டது. அதற்கு வேறு கந்தோரில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் படிவத்தில் துளசியின் பெயரை எழுதுவதால் வரியில் இனிக் குறைவதற்கு ஒன்றுமில்லை.

நான்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, தலையைக் குனிந்துகொண்டு.

மாமா முழுவதையும் கேட்டார். "வரி குறையாது."

"குறையாது மாமா. அந்த உதவிப் பணத்துக்கு நான் எழுதித் தாறன், அது வரும்."

"அது பிறகு பாப்பம். இதிலை பேர் எழுதலாமோ, ஏலாதோ?"

நான் தொத்தோரேசாவைக் கேட்டேன். எழுதலாம், பகுதி இன்னும் இருக்கிறது, எழுதினால் பிழையில்லை என்றார்.

"அப்ப எழுதுங்கோ."

தொத்தோரேசா கணினியில் விரலை வைத்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, எல்லோரிடமும் கேட்பதைவிட உரத்த குரலில், துளசிக்கும் நன்றாகக் கேட்கும்படி கேட்டார். மாமா எனக்காகக் காத்திருக்கவில்லை. அவரே இத்தாலியனில் பதில் சொன்னார். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். துளசிக்கு வெட்கம் வந்துவிட்டது. "மாமா, பாஸ்தா," என்றாள், போதும் என்ற அர்த்தத்தில். அவர் கேட்கவில்லை, கடைசி எழுத்துவரை சொன்னார்.

போகும்போது வாசலில் நின்று, "தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்வீர்?" என்று கேட்டார். நான் அப்போது வுச்சீரியாப் பக்கம் ஓர் அறையில் தனியே இருந்தேன். ஞாயிறென்றால் பாணும் முட்டையும். அதைச் சொல்லாமல், சும்மா இருப்பேன் என்றேன்.

"அப்ப வாரும். ஆட்டிறைச்சி வாங்கிறன்."

போனேன். அந்த இரண்டு அறைக்குள் துளசி, கபில், ஓய்வுநாளில் வந்த கபிலின் தாய், உறைப்பில்லாத குழம்புக் கிண்ணத்தோடு இரண்டாம் மாடிச் சிஞ்ஞோரா, மேசைக்குக் கீழே நாய். நான் வேலையை விட்டு வேறு இடம் மாறியும் சில வருடங்களாகிவிட்டன, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பாடு. நான் வராத ஞாயிறுகளில் என்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, மற்றொரு கோப்பையால் மூடி, இரவுவரைக்கும் அதை ஒருவரையும் தொட விடமாட்டாராம். துளசிதான் சொன்னாள். அதற்குப் பிறகு மழை பெய்தாலும் நான் போய்விடுகிறேன்.